சுவருக்கு இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் கறி

மதினி,

இன்று சாயந்தரம் எங்கள் மேசை மேல் ஒரு கட்டு வல்லாரை வந்து உட்கார்ந்தது. நுவரெலியா மார்க்கெட்டில் வாங்கியது. வேரை ஒட்ட வெட்டி, ரப்பர் வளையம் போட்டு, வெள்ளைப் பையில் வைத்துப் புது மாப்பிள்ளை மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வல்லாரை அப்படியா இருந்தது? தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்துச் சேறு ஒட்டியிருக்கும். நடுவில் இரண்டு தேயிலைக் கொழுந்து கலந்திருக்கும். சில நாள் ஓர் அட்டையும் கூடவே வீட்டுக்கு வரும்.

வளையத்தைக் கழற்றியதும் அந்தப் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேத்தி யதுஷா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னா அப்பாயி, தனியா சிரிக்கிறீங்க?"

"தனியா இல்லடி. ஆளோடதான் சிரிக்கிறேன்" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினாள். சாப்பாடு முடிந்ததும் அவளுடைய பென்சிலையே வாங்கிக்கொண்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். அதுவும் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது மணிக்கட்டு ஒழுங்காக மடங்குவதில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும். நீங்கள் என்ன, திருத்தவா போகிறீர்கள்?

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்தில் நமக்கு அடுத்தடுத்த காம்பிரா, ஆளுக்கு ஓர் அறை. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அதற்கு மேலே இருந்த இடைவெளியில் இந்தப் பக்கத்துப் புகை அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கத்துச் சண்டை இந்தப் பக்கம் வரும். நமக்குள் சொந்தம் எதுவும் கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கான்னா மரியாதையா நடந்துக்கணும் புள்ள. அது என்னால ஆகாது. மதினின்னு கூப்பிடு, வாய்க்கு வந்தபடி பேசிக்கலாம்" என்றீர்கள். அப்படித்தான் பேசிக்கொண்டோம், கடைசி வரைக்கும்.

அந்த மழை வருடத்தை நான் மறக்க மாட்டேன். மலை முழுக்கக் கொழுந்து துளிர்த்துத் தள்ளியது. பொழுது சாயும் வரை பறித்து, கடைசி நிறுவைக்கு வரிசையில் நின்று, லயத்துக்கு ஏறி வரும்போது இருட்டிவிடும். அதற்கு மேல் ஈர விறகோடு மல்லுக்கட்ட வேண்டும். நான் குனிந்து ஊதி, கண் எரிந்து, பருப்பு ஒரு கொதி வருவதற்குள் என் மகன் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் சுருண்டு படுத்துவிடுவான். மூன்று வயதுப் பிள்ளை. எழுப்பி வாயில் வைத்தால் சோற்றை வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்குவான். நாம் மலைக்குப் போனதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிராவில் பகலில் கொடுத்தது மட்டும்தான் அவன் உடம்பில் ஒட்டியது.

மருத்துவிச்சி வந்து பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். "போன தடவைக்கு இந்தத் தடவ கொறஞ்சிருக்கானே. அடுத்த தடவையும் இப்படின்னா ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மலையில் என் கூடை தராசில் ஏறிக்கொண்டே போகிறது, வீட்டில் என் பிள்ளை இறங்கிக்கொண்டே போகிறான். வேலையை விட்டால் சோறு கிடையாது. வேலைக்குப் போனால் சோறு வேகும்போது பிள்ளை விழித்திருக்க மாட்டான். அன்று சாயந்தரம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். சுவருக்கு மேலால் உங்கள் குரல் வந்தது.

"ஏ புள்ள, அழுதா அடுப்பு பத்துமா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ என்னா ஆக்குற?"

"சோறு... பருப்பு."

"நானும் சோறு, பருப்பு. கூறு கெட்ட ரெண்டு பொம்பளைங்க பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே சோத்த ரெண்டு தடவ ஆக்கிக்கிட்டு இருக்கோம். நாளையிலேர்ந்து சுவத்துக்கு இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் கறி. யாரு கூடைய மொதல்ல நிறுக்கிறாங்களோ அவ ஓடிப் போயி அடுப்ப மூட்டணும். மத்தவ வெறகும் கீரையும் பாத்துக்கணும். புள்ளைங்க முழிச்சிருக்கையில வேகணும், அவ்வளவுதான் கணக்கு."

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் நம் லயத்தில் அதுவரைக்கும் யாரும் செய்யாதது அது. அவரவர் வீட்டு உலை அவரவருக்கு. பக்கத்து வீட்டுச் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டினால் புருஷனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று பேசுகிற ஆட்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரரே முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் வாய் உங்கள் வீட்டுக் கறியை வைத்ததும், "இது தெனமும் வருமா?" என்று கேட்டார்.

முதலில் அடுப்பு மூட்டியவள் ஒரு சிரட்டையில் தணல் எடுத்து அடுத்த வீட்டு அடுப்பில் போடுவாள். ஈர விறகோடு இன்னொருத்தி போராட வேண்டாம். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னாலேயே நீங்கள் பருப்பை ஊறப் போட்டுவிடுவீர்கள். நான் ரொட்டிக்கு மாவைப் பிசைந்து ஈரத்துணி சுற்றி வைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மிளகாயையும் மாசிக் கருவாட்டையும் வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டால், வாரம் முழுக்கச் சம்பலுக்குத் தேங்காய் துருவுகிற வேலை மட்டும்தான்.

மரக்கறிக்கு நீங்கள் ஒரு வரிசை வைத்திருந்தீர்கள். கீரை வந்த அன்றைக்கே. லீக்ஸ் அடுத்த நாள். பிறகு போஞ்சி, அதற்குப் பிறகு கோவா. கரட்டும் பூசணியும் கடைசியில். "சீக்கிரம் வாடுறவ மொதல்ல சட்டிக்குள்ள போகணும், கெட்டியானவ காத்துக்கிட்டு இருக்கட்டும். நம்ம ரெண்டு பேரும் கரட்டு புள்ள" என்பீர்கள்.

அன்றன்றைக்கு எது என்பதை மலையில்தான் முடிவு செய்வோம். உங்கள் நிரை மேலே, என் நிரை கீழே. மத்தியானம் கடந்ததும் தேயிலைக்கு மேலே உங்கள் தலை தெரியும்.

"இன்னைக்கி என்னா புள்ள?"

"ரொட்டி!"

"அப்ப நான் கெழங்கும் நெத்தலியும்!"

நடுவில் யாராவது, "எங்களுக்கும் சேத்து ஆக்குங்க மகராசிகளா" என்று கத்துவார்கள். "ஒன் புருஷன வெறகு பொளக்க அனுப்பு, ஆக்குறோம்" என்று நீங்கள் திருப்பிக் கத்துவீர்கள். மலையே சிரிக்கும். கை மட்டும் நிற்காது.

இப்போது வல்லாரைக் கதைக்கு வருகிறேன். அன்றைக்குக் கான் ஓரத்தில் அப்படி ஒரு தழைப்பு. ஆசை ஆசையாகக் கிள்ளினேன். வழக்கமாக இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கின் மடிப்பில்தான் கீரையைச் சொருகுவோம். அன்று மழையில் படங்கு தொப்பலாக நனைந்திருந்ததால் ஒரு துணியில் முடிந்து கூடைக்குள் போட்டேன். மேலே கொழுந்து விழுந்து விழுந்து முடிச்சு அடியில் போய்விட்டது. நிறுவைக்கு நின்றபோது என் நினைப்பெல்லாம் அடுப்பில் இருந்தது. கூடையைத் தூக்கி அப்படியே கொட்டிவிட்டேன். முடிச்சு அவிழ்ந்து, வல்லாரை முழுவதும் கொழுந்தோடு கொழுந்தாகப் பரவிவிட்டது.

கணக்கப்பிள்ளை முத்தல் இலை இருக்கிறதா என்று கையால் கிளறியவர், வட்ட வட்டமாக ஒரு கைப்பிடி இலையைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னாம்மா இது? புது ரகக் கொழுந்தா?"

அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலியை வெட்டப் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் நின்ற நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அது தொரைக்குங்க. வல்லாரை கலந்த தேத்தண்ணி குடிச்சா ஞாபகம் நல்லா இருக்கும். லயத்துக்குக் கூரை மாத்தித் தாறேன்னு போன வருஷம் சொன்னாரே, பாவம், மறந்துட்டாரு."

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. கணக்கப்பிள்ளை கடுமையாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். மீசைதான் காட்டிக்கொடுத்தது. "பொறுக்கி எடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். நாம் குனிந்து பொறுக்கினோம். பாதி கிடைத்தது, பாதி ஃபெக்டரிக்குப் போய்விட்டது. கிடைத்த பாதியில்தான் அன்று சம்பல். என் மகன் உங்கள் மடியில் உட்கார்ந்து, கண்ணை அகல விழித்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று வாங்கித் தின்றான். அடுத்த தடவை மருத்துவிச்சி அவனைத் தொங்கவிட்டபோது தராசு முள் நகர்ந்தது. "என்னா குடுத்தீங்க?" என்று கேட்டாள். "தூங்க விடாம குடுத்தோம்" என்றீர்கள். கூரை மட்டும் மாறவே இல்லை.

அந்தப் பையன்தான் மதினி இப்போது மரக்கறி லொறி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் தம்புள்ளைப் பக்கம் போய்விடுவான். மருமகள் தர்ஷினி இங்கே நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறாள். சாரி கட்டி, நெஞ்சில் பேர் குத்திக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நடப்பதை நான் தினமும் வாசலில் நின்று பார்ப்பேன். நம் வகையறாவில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் பெண் அவள்தான். எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் சீசன் தொடங்கினால் ஹோட்டலில் நேரம் காலம் கிடையாது. அவள் வந்து சேரும்போது எட்டாகிவிடும். வரும் வழியில் கொத்து ரொட்டியோ பாணோ வாங்கிக்கொண்டு ஓடி வருவாள். அதற்குள் யதுஷா பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடியே கதிரையில் தூங்கிப்போயிருப்பாள். எனக்கோ இந்தக் கையால் சட்டியைத் தூக்க முடியாது. பிள்ளை மெலிந்துகொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சரும் கேட்டுவிட்டாள், "இவ ராத்திரி சாப்பிடுறாளா?" என்று.

அன்று தர்ஷினி சாரியைக்கூட மாற்றாமல் தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, இந்த மாசத்தோட வேலைய விட்டுடப் போறேன்."

"ஏன்மா?"

"எனக்கு ஆசையா என்ன? இப்பதான் பெரிய கணக்கெல்லாம் என்கிட்ட குடுக்கத் தொடங்கியிருக்காங்க. ஆனா புள்ள சாப்பிடாம தூங்குறத என்னால பாக்க முடியல."

இஸ்தோப்பில் சுருண்டு கிடந்த அந்த மூன்று வயதுப் பையனையே மறுபடி பார்த்த மாதிரி இருந்தது. ஒரு தலைமுறை தாண்டி, கேஸ் அடுப்பு வந்து, ஃபிரிஜ் வந்து, அதே இடத்துக்கே வந்து நிற்கிறோமே என்று நினைத்தேன். நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துக்கொண்டே எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. சுவர் இருக்கிறதே.

இந்த வீடும் பக்கத்து வீடும் ஒட்டிக் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மெனிக்கே என்கிற சிங்களப் பிள்ளை. பார்மசியில் வேலை. ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள். புருஷனுக்குக் கொழும்பில் வேலை, சனி ஞாயிறுதான் வருவான். தனி ஆளுக்கு எதற்குச் சமைப்பது என்று பாணும் ஜாமும் தின்று படுத்துக்கொள்வாள். மறுநாள் அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் கரண்டியால் சுவரைத் தட்டினேன். ஏதோ ஆபத்து என்று பயந்து ஓடி வந்தாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் அவளுக்குத் தெரிந்த தமிழையும் கோர்த்து விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பக்கம் சோறு, அந்தப் பக்கம் கறி. கழுவி, அரிந்து, ஊறவைக்கிறது நான். தூக்கி இறக்குகிறது அவள்.

"அனே அம்மா, இது முன்னுக்கே சொல்ல ஏலாதா? எனக்கும் ஒருத்தரோட சாப்பிட ஆசைதானே" என்றாள்.

மறுநாளே தொடங்கினோம். ஆனால் பாருங்கள், நான் மெனிக்கேயிடம் கறி உன் பொறுப்பு, பருப்பு வை என்று சொன்னதைத் தர்ஷினியிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் அன்று ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடிவந்து, அத்தைக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று அவளும் பருப்பு வைத்துவிட்டாள். நானோ முந்தின நாள் ஊறவைத்த பருப்பை வீணாக்க வேண்டாம் என்று மெனிக்கே இல்லாத நேரத்தில் இடது கையாலேயே சுண்டல் மாதிரித் தாளித்து வைத்திருந்தேன். மேசையில் மூன்று பருப்பு. சோறு யாரும் ஆக்கவில்லை.

மெனிக்கே மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நங்கி, இது பருப்பு பெரஹெர" என்றாள் தர்ஷினியிடம், கண்டி ஊர்வலத்தை நினைத்து. "யானை மட்டும்தான் இல்ல" என்றாள் தர்ஷினி. யதுஷா கைகொட்டிச் சிரித்தாள். மெனிக்கேயின் பாணை வாங்கி மூன்று பருப்பிலும் தொட்டுத் தின்றோம். யதுஷா விழித்திருந்து சாப்பிட்ட முதல் ராத்திரி அது.

அப்புறம் பிடித்துக்கொண்டது. தர்ஷினி தன் பங்குக்குச் சில வேலை கண்டுபிடித்தாள். லீவு நாளில் கடலை, பயறு எல்லாம் அவித்துச் சின்னச் சின்னப் பைகளாக ஃபிரிஜில் உறைய வைத்துவிடுகிறாள். வேண்டும்போது ஒரு பையை எடுத்தால் போதும், கறி நிமிஷத்தில் முடிந்துவிடும். இது நமக்குத் தோன்றியிருக்குமா? தோன்றினாலும் எங்கே வைத்திருப்போம், கானுக்குள்ளேயா? சிவப்பரிசி வேக நேரமெடுக்கும் என்று அவள் காலையிலேயே குக்கரில் தண்ணீரும் அரிசியும் போட்டுவிட்டுப் போவாள். நான் சாயந்தரம் ஒரு பொத்தானை அமுக்குவேன். அவ்வளவுதான் என் சமையல். யாராவது கேட்டால், சோறு நான்தான் ஆக்கினேன் என்பேன். உங்கள் மரக்கறி வரிசையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "லீக்ஸ் நாளைக்கி இருக்கட்டும் அத்தை" என்றால், "இருக்காதும்மா, அவ வாடிப்போவா" என்பேன்.

தர்ஷினி வேலையை விடவில்லை. போன மாதம் அவளைக் கணக்குப் பகுதிக்குப் பொறுப்பாகவே போட்டுவிட்டார்கள்.

உங்களைக் கடைசியாகப் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். உடப்புசல்லாவையில் உங்கள் மூத்த மகள் வீட்டில், கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். ஆள் அடையாளம் தெரியாமல் போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சொந்த மகளையே, "யாரும்மா நீ, நல்லா இருக்கியா?" என்று கேட்டீர்களாம். என்னையும் அப்படித்தான் கேட்கப் போகிறீர்கள் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"இன்னைக்கி என்னா புள்ள?"

"வல்லாரை, மதினி" என்றேன்.

உங்கள் உதடு மெதுவாகச் சுளித்தது. "கணக்கப்புள்ளகிட்ட குடுத்துடாத" என்றீர்கள்.

உங்கள் மகள் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். என் பேர் உங்களுக்கு மறந்திருந்தது. நம் சாப்பாடு மறக்கவில்லை. எனக்கு அது போதும். நீங்கள் போன பிறகும் அதை நினைத்துத்தான் நான் தேறினேன்.

இன்றைக்கு அந்த வல்லாரையை வாங்கி வந்தது மெனிக்கேதான். அவளே பொடியாக அரிந்தாள். தேங்காயும் சின்ன வெங்காயமும் போட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தாள். சிவப்பரிசிச் சோறு, நெத்தலி, இந்தச் சம்பல். தர்ஷினி வந்து கை கழுவியபோது எல்லாம் மேசையில் இருந்தது. யதுஷா இரண்டு தடவை வாங்கித் தின்றாள். தின்ற தெம்பில் பிறகு கதிரைக்குக் கதிரை தாவத் தொடங்கிவிட்டாள். படுக்கச் சொன்னால் பாட்டுப் பாடுகிறாள், விளக்கை அணைத்தால் கதை கேட்கிறாள்.

"என்னா அத்தை இது, இவ இப்ப தூங்கவே மாட்டேங்கிறா" என்று தர்ஷினி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மதினி, இதைவிட இனிப்பான ஒரு குறையை நான் கேட்டதே இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரில் டொக்கென்று ஒரு சத்தம். மெனிக்கே. இந்தச் சுவர் கூரை வரைக்கும் போகிறது, குரல் வராது. அதனால் அவளும் ஒரு கரண்டி வைத்திருக்கிறாள். ஒரு தட்டு என்றால், நாளைக்கு என்ன என்று அர்த்தம். எந்த ஊருக்குப் போனாலும், எப்படிப்பட்ட வீடாக இருந்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் அடுப்பு இருக்கும் என்று எனக்கு ஒரு தைரியம். அதை ஒரு சிரட்டைத் தணலோடு சேர்த்து நீங்கள் கொடுத்தீர்கள். அது இன்னும் அணையவில்லை.

பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய் அவளுக்குப் பதில் தட்ட வேண்டும். நாளைக்கு லீக்ஸ், மதினி. சீக்கிரம் வாடுகிறவள், அதற்கு மேல் தாங்க மாட்டாள்.